நாய்க்குக் குளியல் எங்கே: முற்றத்திலா, கடலிலா, மதுரை பார்லரிலா?

ராமநாதபுரம் கடலோரத்தில் நாய் வளர்ப்பவருக்கு இன்றைக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. வீட்டு முற்றத்தில் தானே சீவிக் குளிப்பாட்டலாம். கூப்பிடு தூரத்தில் கடல் கிடக்கிறது, அதில் இறக்கி எடுக்கலாம். காரில் ஏற்றிக்கொண்டு மதுரையில் ஒரு பார்லருக்குப் போகலாம். வீடு தேடி வந்து செய்துகொடுக்கும் ஆள் அகப்பட்டால் அவரைக் கூப்பிடலாம். சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் நாட்டு நாயும் மட்டும் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. இப்போது கீழக்கரை மாடி வீடுகளில் ஷிட்சூ இருக்கிறது, மண்டபம் ஊரில் லேப்ரடார் இருக்கிறது, தெருவுக்கு ஒரு பொமரேனியன் குரைக்கிறது. "ஏண்ணே, நாய்க்குப் போய் பார்லரா?" என்று சிரித்தவர்களே, வீட்டு நாய்க்கு முடி சடை பிடித்த பிறகு விலாசம் கேட்கிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய் பார்க்க அழகாக, வாசனையாக இருக்க வேண்டும் என்றால் பார்லர்தான். அதன் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்றால், வாரத்தில் இரண்டு மூன்று தடவை வீட்டிலேயே உட்காரவைத்துக் கைபோட்டுத் தடவிச் சீவுவதற்கு ஈடாக எதுவும் இல்லை. பார்லர் சில வகை நாய்களுக்குத் தேவைதான். ஆனால் அது வீட்டு வேலைக்கு மேல் கூடுதலாகச் செய்வது, வீட்டு வேலைக்குப் பதிலாக அல்ல. கடல்? அதைப் பராமரிப்புக் கணக்கிலேயே நான் சேர்ப்பதில்லை. காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

தோலிலிருந்து தொடங்க வேண்டும். நம் மேல்தோலில் 10 முதல் 15 அடுக்கு செல்கள் இருக்கும். நாய்க்கு 3 முதல் 5 அடுக்குதான். நம் தோல் சற்றுப் புளிப்புத் தன்மை உள்ளது, பி.எச். அளவு 5.5 வாக்கில் இருக்கும். நாயின் தோல் 7-க்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட நடுநிலையில் இருக்கிறது. அதனால் நாம் போடும் சோப்பும் ஷாம்புவும் அதற்கு ஒத்துவருவதில்லை. குழந்தைகள் ஷாம்பு பரவாயில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அதுவும் நம் தோலை மனதில் வைத்துச் செய்ததுதான். நாய்க்கென்று விற்கும் சாதாரண ஷாம்பு ஒரு பாட்டில் வாங்கினால் பல மாதம் வரும். அதில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

நாயின் முடியடியில் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அந்த எண்ணெய்தான் அதன் சட்டை, குடை எல்லாம். சீவும்போது அந்த எண்ணெய் முடி நுனி வரை பரவும், உதிர்ந்த முடி வெளியே வரும், தோலுக்குக் காற்று போகும். சோப்பு போட்டுக் கழுவும்போது அதே எண்ணெய் போய்விடும். எனவே நாய் நாறுகிறது என்று வாரா வாரம் சோப்பு போட்டுக் குளிப்பாட்டினால் தோல் வறண்டு, அரித்து, சொறிந்து, புண்ணாகி, கடைசியில் முன்னைவிட அதிகமாக நாறும். டாக்டர் சொன்ன மருந்துக் குளியல் என்றால் விஷயம் வேறு. மற்றபடி நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு குளியல் பெரும்பாலான நாய்களுக்குப் போதும்.

வீட்டில் சீவுவது

குட்டை முடி நாய்க்கு ரப்பர் கையுறை அல்லது ரப்பர் பிரஷ், அடர்ந்த முடி நாய்க்கு வளைந்த கம்பிப் பற்கள் வைத்த பிரஷ், எல்லா நாய்க்கும் பொதுவாக ஒரு பேன் சீப்பு. இவ்வளவுதான் சாமான். பேன் சீப்பு என்றால் வீட்டில் தலைக்குப் போடுகிற அதே மாதிரிதான், நாய்க்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று அதில்தான் தெரியும். சீப்பில் வரும் கருப்புத் தூளை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். சிவப்பாகக் கரைந்தால் அது மண்ணல்ல, தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். அந்தப் பூச்சியை நாய் கடித்து விழுங்கினால் நாடாப்புழு வரும் என்பதால் பூச்சி மருந்தோடு குடற்புழு மருந்தும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கும்.

குளிப்பாட்டுகிற நாளில் முதலில் சீவு, அப்புறம் தண்ணீர் ஊற்று. இந்த வரிசை மாறினால் சிக்கு இறுகிப் பாய் மாதிரி ஆகிவிடும், பிறகு கத்தரிதான் வழி.

ஆனால் சீவுவதை நான் இவ்வளவு தூக்கிப் பிடிப்பதற்கு முதற்காரணம் முடி அல்ல, உண்ணி.

நம் பக்கம் நாய்களில் காண்பது பெரும்பாலும் பழுப்பு நிற நாய் உண்ணி. அதன் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் எந்த வழி பலிக்கும், எது பலிக்காது என்பது தானாகப் புரியும். முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு நாயின் மேல் ஏறி ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுகிறது. தோலுரித்து எட்டுக்காலாகி மறுபடி ஏறுகிறது, குடிக்கிறது, விழுகிறது. பெரிதான பிறகு மூன்றாம் முறை ஏறுகிறது. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கடைசியாக விழுந்து, ஊர்ந்து போய், சுவர் வெடிப்பிலோ கட்டில் கயிற்று முடிச்சிலோ ஓலைக் கூரையின் அடியிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகிறது. அதாவது எந்த நேரத்திலும் நாயின் மேல் இருப்பது கொஞ்சம், வீட்டில் இருப்பது மிச்சம். மதுரைக்குப் போய் உண்ணிக் குளியல் போட்டு வருகிற நாய் திரும்பி வந்து படுப்பது அதே சாக்கில், அதே சுவரோரத்தில்தான். வீட்டைக் கவனிக்காமல் நாயை மட்டும் எங்கே கொண்டுபோய்க் கழுவினாலும் அடுத்த வாரம் மறுபடி ஏறும்.

இந்த உண்ணி கொண்டுவரும் காய்ச்சல் சாதாரணமானதல்ல. எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத்தட்டுகளைக் குறைக்கும். நாய் சாப்பிடாது, காய்ச்சல் அடிக்கும், ஈறு வெளுக்கும், சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வரும். பபீசியா என்பது சிவப்பணுக்களையே உடைக்கும், சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போகும். எர்லிக்கியா கிருமி உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே நாய்க்குள் போய்விடக்கூடும். அப்படியிருக்க, ஆறு வாரத்துக்கு ஒருமுறை பார்லர்காரர் பார்த்து எடுப்பது எந்த மூலைக்கு? வெயில் காலத்தில் தினமும் சாயங்காலம் ஐந்து நிமிடம் காதுக்குள் மடிப்பு, கழுத்துப் பட்டைக்குக் கீழே, கால் விரல் இடுக்கு, அக்குள், தொடை இடுக்கு, வாலடி என்று விரலை ஓட்டிப் பார்ப்பதை வீட்டு ஆள்தான் செய்ய முடியும்.

எடுக்கும் விதமும் முக்கியம். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுக்க வேண்டும். விரலால் நசுக்கக்கூடாது, அதன் உள்ளே இருப்பது நம் விரல் வெட்டுக்காயத்தில் பட வேண்டாம். தீக்குச்சி வைப்பதும் மண்ணெண்ணெய் தடவுவதும் வேண்டாம். எடுத்ததை ஸ்பிரிட்டிலோ சோப்புத் தண்ணீரிலோ போட்டு மூடிவையுங்கள். கையால் எடுப்பது மட்டும் போதாது, மருந்தும் வேண்டும். ஃப்ளூராலானர் ஒரு மாத்திரை சுமார் மூன்று மாதம் காக்கும், அஃபாக்சோலானர் ஒரு மாதம். நாயின் எடையைச் சொல்லி டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும். வலிப்பு வந்த நாய் என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

கால். ராமநாதபுரத்தில் நாய் வளர்க்கிறவர் பாதத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. உள்ளே போனால் சீமைக் கருவேல முள்ளும் நெருஞ்சியும், கடற்கரைக்குப் போனால் அறுந்த நைலான் தூண்டில் நரம்பும் துருப்பிடித்த தூண்டில் முள்ளும் சிப்பி ஓடும். கருவேல முள் உள்ளேயே ஒடிந்து நின்றால் நாய் முதல் நாள் நொண்டும், பிறகு நக்க ஆரம்பிக்கும், நக்கி நக்கி விரல் இடுக்கு வீங்கிச் சீழ் வைக்கும். நாள் தவறாமல் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிற வீட்டில் இது முதல் நாளே தெரிந்துவிடும். நைலான் நரம்பு காலில் சுற்றிக்கொண்டால் இன்னும் மோசம், முடிக்குள் மறைந்து சதையை அறுத்துக்கொண்டே போகும்.

நகத்தைப் பற்றி ஒரு விஷயம். டவுனில் தார் ரோட்டிலும் சிமெண்டுத் தரையிலும் நடக்கிற நாய்க்கு நகம் தானே தேயும். மணலில் நடக்கிற நம் நாய்களுக்கு அந்த அளவுக்குத் தேயாது. காலின் உட்பக்கம் கொஞ்சம் மேலே இருக்கிற தனி நகம் எங்கே நடந்தாலும் தேயாது, சிலவற்றுக்கு வளைந்து சதைக்குள்ளேயே இறங்கிவிடும். நகத்துக்குள் பாதி தூரம் ரத்தக்குழாய் ஓடுகிறது. வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும், கருப்பு நகத்தில் தெரியாது. அதனால் கருப்பு நகம் என்றால் நுனியை மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக. தவறி ரத்தம் வந்தால் கார்ன்ஃப்ளோர் மாவை வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் நிற்கும். இதற்குப் பயமாக இருக்கிறது என்பவர்கள் நகத்தை மட்டும் மாட்டாஸ்பத்திரியில் வெட்டிக்கொள்ளலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

காது நேர்க்குழாய் அல்ல, கீழே இறங்கி உள்ளே திரும்புகிற குழாய். தண்ணீர் போனால் தேங்கும். லேப்ரடார் மாதிரித் தொங்கு காது நாய்களுக்குக் காற்றும் போகாது. பட்ஸ் போட்டுக் குடைந்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். கண்ணுக்குத் தெரிகிற வரை பஞ்சால் துடைத்து, மோந்து பாருங்கள். புளித்த மாவு வாசம் வந்தால் பூஞ்சை பிடித்திருக்கலாம்.

பல்லை யாரும் கவனிப்பதில்லை. பல்லில் படியும் பிசின் மாதிரியான படலம் சில நாளிலேயே கல்லாக இறுக ஆரம்பிக்கும். மூன்று வயதைத் தாண்டிய நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஈறு நோய் ஏதோ ஓர் அளவில் இருக்கும். கல்லாவதற்கு முன் துலக்கினால்தான் பலன், மாதம் ஒருமுறை பார்லரில் துலக்குவது கணக்குக்குத்தான். நம் டூத்பேஸ்ட் வேண்டாம். நாய் துப்பாது, விழுங்கும். அதில் உள்ள ஃப்ளோரைடு ஆகாது. சைலிட்டால் என்ற இனிப்பு சேர்ந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. பல்லைப் பார்க்கும்போதே உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பாகத் திரும்ப வேண்டும். முதலிலிருந்தே வெளிறிக் கிடந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். பெட்டை நாய் என்றால் மடிக்காம்புகளை வரிசையாகத் தடவிக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே நேரத்தில் அடங்கும்.

தண்ணீர்தான் இங்கே பிரச்சினை

மதுரை, கோயம்புத்தூர்க்காரர்கள் எழுதுகிற குறிப்புகள் நமக்கு அப்படியே பொருந்தாததற்குக் காரணம் இதுதான். கடலோரத்தில் பல இடங்களில் போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் பிடித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு வருகிற பெண்களிடம், "நாய் குளிப்பாட்ட ரெண்டு குடம் வேணும்க்கா" என்று கேட்க யாருக்கும் வாய் வராது.

உப்பும் கடினத்தன்மையும் உள்ள தண்ணீரில் ஷாம்பு சரியாக நுரைக்காது. நுரைக்கவில்லை என்று இன்னும் ஊற்றுவோம். பிறகு அது அலசினாலும் முழுதாகப் போகாது. காய்ந்ததும் முடியடியில் வெள்ளைப் பொடியாக நிற்கும், நாய் சொறியும். இதைத் தோல் வியாதி என்று நினைத்து மருந்து வாங்குகிறவர்கள் உண்டு.

இதற்கு நான் சொல்லும் வழி இது: முதல் நனைப்பும் அழுக்குக் கழுவலும் போர்த் தண்ணீரில் நடக்கட்டும். ஷாம்புவை நேராகத் தோலில் கொட்டாமல் ஒரு மக்கு நல்ல தண்ணீரில் கரைத்து ஊற்றித் தேயுங்கள், பாதி அளவே போதும். கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில். நடுத்தர உயர நாய்க்கு இரண்டு மூன்று குடத்தில் முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடித் தண்ணீரைப் பிடித்து வைக்கிற வீட்டுக்கு அந்தக் கவலையும் கிடையாது. இடைப்பட்ட நாட்களில் ஈரத் துண்டால் துடைத்துச் சீவினாலே நாற்றம் கட்டுக்குள் இருக்கும். கருவாட்டுக் களத்தில் போய்ப் புரண்டுவிட்டு வந்தால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை, குளியல்தான். செத்த மீன் வாசனை நாய்க்கு அத்தர்.

குளிப்பாட்டும் நேரம் காலை ஒன்பது, பத்து மணி. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், அடர்ந்த முடியின் அடிப்பகுதி காய வெகு நேரம் பிடிக்கும். சாயங்காலம் குளித்துவிட்டு ஈரத்தோடு படுத்த நாய்க்கு ஒரே ராத்திரியில் ஈரப்புண் கிளம்பலாம். முடி உதிர்ந்து, சிவந்து, நீர் கசிகிற வட்டம் அது. வாடைக்காற்றும் மழையும் சேர்ந்த மாதங்களில் இது அதிகம்.

கடலில் இறக்கினால்?

"கடல்ல ரெண்டு முக்கு முக்கு, சொறியெல்லாம் பறந்துடும்" என்பது இங்கே எல்லோரும் சொல்வது. பறக்காது. ஒரு வகைச் சொறிப் பூச்சி தோலுக்குள்ளேயே சுரங்கம் தோண்டி வாழ்கிறது, இன்னொரு வகை முடிக்குழிக்குள் இருக்கிறது. உப்புத் தண்ணீர் மேலோடு போய்விடும். புண்ணில் உப்பு பட்டு எரிவதும், பிறகு அந்த உப்பை நாய் நக்கித் தின்பதும்தான் மிச்சம். முதல் வகை மனிதருக்கும் ஒட்டி அரிப்பு தரக்கூடியது, எனவே கடலை நம்பி நாளைக் கடத்துவது வீட்டாருக்கும் நல்லதல்ல. உண்ணிக்குச் சொன்ன மாத்திரைகளே இந்தச் சொறிக்கும் நன்றாக வேலை செய்கின்றன.

நீச்சல் வேறு விஷயம். பாக் நீரிணைப் பக்கம், பெண்கடல் என்று நம் ஆட்கள் சொல்கிற அமைதியான ஆழமற்ற கடலில், அரியமான் மாதிரிக் கரையில் லேப்ரடார் நீந்துவதைப் பார்ப்பதே ஒரு சுகம். மூட்டுக்குப் பாரம் இல்லாத உடற்பயிற்சி அது. எடை கூடிப்போன நாய்க்கும் இடுப்பு வலியுள்ள நாய்க்கும் நடையைவிட நல்லது. ஆனால் நீந்தி வந்த பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும், காதைத் துடைக்க வேண்டும். ஆக, கடல் நம் வேலையைக் குறைப்பதில்லை, ஒரு குளியலைக் கூட்டுகிறது. நல்ல தண்ணீரும் கையோடு கொண்டுபோக வேண்டும். தாகத்தில் கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் வரும், அதிகமாகக் குடித்தால் உப்பே நஞ்சு.

கரையிலும் கவனம் வேண்டும். வலையிலிருந்து உதறிப் போடுகிற பேத்தை மீனை நாய் கவ்வ விடாதீர்கள், அதன் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. தனுஷ்கோடிப் பக்கம் தை, மாசி, பங்குனி மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். வனத்துறை அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பதற்கு, நாய்கள் தோண்டித் தின்றுவிடுவதும் ஒரு காரணம். அங்கே நாயை அவிழ்த்து விடாமல் இருப்பது நல்லது. ஊருணியில், கண்மாயில் இறக்கிக் குளிப்பாட்டுவது பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை: மனிதர் குடிக்கிற தண்ணீர் என்றால் முறையல்ல, தேங்கிய தண்ணீர் என்றால் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம்.

மதுரை பார்லர்

பார்லரின் உண்மையான பலம் கத்தரி என்று நினைக்கிறார்கள். நமக்கு அது தரும் பெரிய வசதி, அளவில்லாத நல்ல தண்ணீரும் அடிமுடி வரை காயவைக்கிற பெரிய டிரையரும்தான். ஷிட்சூ, லாசா, பூடில் மாதிரி முடி வளர்ந்துகொண்டே போகிற நாய்களுக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தரம் வெட்டித்தான் ஆக வேண்டும், கண்ணை மறைக்கும், ஆசனவாயை அடைக்கும். இதை வீட்டில் கற்றுக்கொள்ளலாம், ஆனால் நாயும் ஆளும் பழக நாளாகும். தோலோடு ஒட்டிச் சடை பிடித்துவிட்டால் வீட்டுக் கத்தரி வைக்கவே கூடாது. சடை எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் தோலை வெட்டிவிட வாய்ப்பு அதிகம்.

எதிர்ப்பக்கம் தூரம். ராமநாதபுரத்திலிருந்து மதுரை 110 கிலோமீட்டருக்குப் பக்கம், ராமேஸ்வரத்திலிருந்து 170. சித்திரை வெயிலில் பரமக்குடியில் டீ குடிக்க நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டு இறங்கினால், பத்து நிமிடத்தில் காருக்குள் சூடு பத்து டிகிரி வரை ஏறிவிடும். நாய்க்குப் பாதத்தைத் தவிர வேறெங்கும் பெரிதாக வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் குளிர வேண்டும். பக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்க்கு அந்த வழியும் பாதி அடைப்பு. அதே காரணத்துக்காக, கூண்டில் அடைத்துச் சூடான காற்று விடுகிற டிரையரை ஒப்புக்கொள்ளாதீர்கள். கையால் பிடித்துக் காட்டுகிற டிரையர்தானா, பக்கத்தில் நின்று பார்க்க விடுவார்களா என்று போனிலேயே கேட்டுவிடலாம். விடமாட்டோம் என்கிற இடத்துக்கு நான் போக மாட்டேன்.

நோய்த்தொற்று இன்னொன்று. பல வீட்டு நாய்கள் ஒரே மேசையில் ஏறுகிற இடம் அது. பார்வோ என்ற ரத்தப்பேதி நோய், இருமல் நோய், உண்ணி எல்லாம் அங்கே கைமாறலாம். குட்டிக்குத் தடுப்பூசி வரிசை சுமார் நான்கு மாத வயதில் முடிகிற வரை பார்லர் வாசலை மிதிக்க வேண்டாம். வெறிநாய்த் தடுப்பூசி அட்டையைக் கேட்காத பார்லர் மற்ற நாய்களிடமும் கேட்டிருக்காது.

வெயில் காலத்தில் பொமரேனியனுக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் மொட்டை அடிக்கச் சொல்லிக் கேட்பவர்கள் அதிகம். "பாவம், வேர்க்குதுல்ல?" என்பார்கள். இந்த நாய்களின் இரட்டை அடுக்கு முடி வெயிலையும் தடுக்கிறது. வழித்துவிட்டால் மெல்லிய தோல் நேராகச் சுடும், பொமரேனியனுக்குச் சில நேரம் முடி பழையபடி வளராமலே போய்விடும். உள்ளடுக்கில் உதிர்ந்து நிற்கிற முடியைச் சீவி எடுத்தாலே காற்று போகும். அதற்கு மதுரை வேண்டாம், திண்ணை போதும்.

வீட்டுக்கு வருகிற ஆள் அகப்பட்டால், ஷிட்சூக்காரருக்கு அதுதான் நல்லது. பயணம் இல்லை, வேற்று நாய் இல்லை. அவர் போன வீட்டு உண்ணி அவர் சீப்பில் வராமல் இருக்க, சீப்பும் பிரஷும் நம்முடையதாக இருக்கட்டும்.

கைவைத்தியம்

வீட்டில் செய்வதே மேல் என்று நான் சொன்னால் உடனே அஞ்சறைப் பெட்டியைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள். தேங்காயெண்ணெய் கொஞ்சம் தடவலாம், கெடுதல் இல்லை. அதில் கற்பூரம் போட்டுக் காய்ச்சினால் கெடுதல் உண்டு, நாய் நக்கும், கற்பூரம் நஞ்சு. டெட்டாலைக் கலக்காமல் ஊற்றினால் தோல் வெந்துவிடும். மிளகாய்க்கும் பருத்திக்கும் அடிக்க வாங்கிய பூச்சிமருந்தில் மிச்சத்தை உண்ணிக்குத் தடவுவதை இன்னும் பார்க்கிறேன். உண்ணி சாகும், கூடவே நாயும் வாயில் நுரை தள்ளிச் சாகலாம். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தும் ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியும் அதே கணக்குதான்: டாக்டர் அளவு சொல்லாமல் நாயிடம் கொண்டுபோகக் கூடாது. வீட்டில் பூனையும் இருந்தால், பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்து பூனைக்கு விஷம் என்பதை நினைவில் வையுங்கள்.

எந்த நாய்க்கு எது

நாட்டு நாய், சிப்பிப்பாறை, ராஜபாளையம், டாபர்மேன்: முழுக்க வீடு. பார்லருக்குச் செலவழிக்கிற காசை உண்ணி மாத்திரையில் போடுங்கள். ராஜபாளையத்தின் வெள்ளை முடிக்கும் இளஞ்சிவப்புத் தோலுக்கும் வெயில் ஆகாது என்பதால் குளித்தபின் காய்வது நிழலில்.

லேப்ரடார், பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்டு: வீடுதான். முடி கொத்துக் கொத்தாக உதிர்கிற பருவத்தில் மட்டும், வசதி இருந்தால், ஒரு பார்லர் நடை. அதையும் மழைக்கு முன்னால் புரட்டாசியில் வைத்துக்கொண்டால் பயணமும் சித்திரை அளவுக்குச் சூடில்லை, மழைக்காலத்துக்கு அடிமுடியும் இலேசாகிவிடும்.

ஷிட்சூ, லாசா, பூடில்: தினம் வீட்டில் சீவல், இரண்டு மாதத்துக்குள் ஒரு வெட்டு, வீட்டுக்கு வருகிறவரிடமோ பார்லரிலோ. அழகுக்கு நீள முடி விடாமல் ஒரே அளவாகக் குட்டையாக வெட்டச் சொல்லுங்கள்.

கடிக்கிற நாய், தொட்டாலே கத்துகிற கிழநாய், உடம்பெல்லாம் சடையும் புண்ணுமாக இருக்கிற நாய்: இது நான்கு வழியிலும் சேராது. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்து டாக்டர் முன்னிலையில் வழிக்க வேண்டும். வலி இருப்பதால்தான் கடிக்கிறதா என்பதும் அங்கேதான் தெரியும்.

இன்னும் நாய் வாங்காமல் யோசித்துக்கொண்டிருப்பவருக்குக் கணக்கு இன்னும் சுலபம். ராமேஸ்வரம் தீவிலோ தொண்டியிலோ இருந்துகொண்டு, தினம் கால் மணி நேரம் ஒதுக்க முடியாது, இரண்டு மாதத்துக்கொரு தரம் மதுரை போகவும் முடியாது என்றால், ஷிட்சூக் குட்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். சிப்பிப்பாறைக் குட்டி கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். அதற்கு ரப்பர் கையுறை ஒன்று, இடுக்கி ஒன்று, மாதம் மூன்று குடம் நல்ல தண்ணீர்.